மனஸ்தாபத்துக்கு ஒரு மேற்கோள்

செத்துப்போன போதகர்களை வைத்துத்தான் எனக்குப் பிழைப்பு ஓடுகிறது. சிரிக்காதீர்கள். இணையத்தில் இருக்கும் ஓர் அகராதிக்கு மேற்கோள் தேடித் தருவது என் வேலை. ஒரு சொல்லுக்கு இதுதான் பொருள் என்று நாம் பாட்டுக்கு எழுதிவிட முடியாது. அந்தப் பொருளில் யார் எழுதினார், எந்தப் புத்தகம், எந்த வருஷம், எத்தனையாவது பக்கம் என்று ஆதாரம் காட்ட வேண்டும். நாவல்கள் ஒருத்தருக்கு, பத்திரிகைகள் ஒருத்தருக்கு என்று பங்கு பிரித்தபோது நாதியில்லாமல் கிடந்தவை பழைய கிறிஸ்தவப் பிரசங்கங்கள். அவற்றை என் தலையில் கட்டினார்கள்.

"நீங்க சர்ச்சுக்குப் போற குடும்பம்தானே? மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித் தரணுமா?" என்றார் ஆசிரியர். ஆலயத்துக்குப் போவதை நான் விட்டு வெகுகாலம் ஆகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஃபோனை வைத்துவிட்டார். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. அவர் ஓர் ஊரில், நான் ஓர் ஊரில், மற்றவர்கள் எங்கெங்கோ. எல்லாம் திரையிலும் ஃபோனிலும்தான்.

அவருக்கு நான் வைத்த பெயர் கத்தரி. கத்தரிக்காய் இல்லை, கத்தரிக்கோல். மேற்கோள் எதுவானாலும் இருபது சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது அவர் சட்டம். போதகர்கள் என்ன தந்தியா அடித்தார்கள்? அவர்கள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் பக்கத்தைத் திருப்பின பிறகுதான் வினைச்சொல் வந்து சேரும். நான் முட்டி மோதிச் சுருக்கி அனுப்புவேன். கத்தரி அதையும் வெட்டுவார். முதல் வெட்டு எப்போதும் "பிரியமானவர்களே" என்ற சொல்லுக்குத்தான். "அது ஆதாரம் ஆகாதுங்க, வெறும் விளி. எடுத்துடுங்க" என்பார். எடுத்துவிடுவேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், சில நாட்களில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை எனக்குப் பிரியமாக ஒரு வார்த்தை கிடைத்தது என்றால் அது அந்த மனிதர்களிடமிருந்துதான். அதுவும் என்றோ, யாருக்கோ சொன்னது.

நான் ஒண்டிக்கட்டை. மாடியில் ஓர் அறை, அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். அந்தச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு குழாய் போகிறது. அங்கே யாராவது குளித்தால் தண்ணீர் இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்கும். யார் சீக்கிரம் எழுகிறார்கள், யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்றெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர்கள் முகம் ஒன்றும் தெரியாது.

கீழே வீட்டுக்கார அம்மா குடியிருக்கிறார். ஒரு நாள் குப்பையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது அவர் ஏதோ கேட்டார். நான் பதில் சொல்லப் போனால் குரலே எழும்பவில்லை. கரகரவென்று ஏதோ வந்தது.

"என்னம்மா, ஜலதோஷமா?"

"இல்லீங்க. பேசி ரெண்டு நாளாச்சு, அதான்."

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க, உங்களுக்கு ஒண்ணுன்னா யாருக்குச் சொல்றது? ஒரு நம்பர் குடுத்து வைங்களேன். கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?"

"ஒரு அக்கா இருந்தா."

"அடப்பாவமே, எப்பத் தவறினாங்க?"

"தவறல. பேச்சு இல்ல."

"ஓ, மனஸ்தாபமா?" என்றார் அவர் ஆறுதலாக. "எல்லா வீட்லயும் இருக்கறதுதான்."

அவருக்குக் கத்தரியின் நம்பரைக் கொடுத்துவிட்டு மேலே வந்தேன். எனக்கு ஒன்று ஆனால் அவர் என்னையும் இருபது சொல்லுக்குள் முடித்துவிடுவார், கவலை இல்லை.

அப்போது எங்கள் அகராதியில் ம வரிசை நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா வாயில் வந்த அதே சொல் ஒரு வாரத்தில் என் பங்குக்கும் வந்தது. மனஸ்தாபம். இருவருக்கு நடுவே ஏற்படும் மனக்கசப்பு என்று பொருள் போட்டு, நாவலிலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் மேற்கோள்கள் ஏற்கனவே வரிசைகட்டி நின்றன. சம்பந்திகளுக்குள் மனஸ்தாபம், பங்காளிகளுக்குள் மனஸ்தாபம், இரண்டு தலைவர்களுக்குள் மனஸ்தாபம். பிரசங்கங்களில் ஏதாவது உண்டா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது மட்டும்தான் என் வேலை.

பார்த்தேன். அங்கே கதையே வேறாக இருந்தது.

நான் படிக்கும் போதகர்களுக்கும் பெயர் வைத்திருக்கிறேன். முதலாமவர் குடைக்காரர். எந்தப் பிரசங்கமானாலும் எங்கேயாவது ஒரு குடை வந்துவிடும். அவர் சொல்கிறார்: "மனஸ்தாபமாவது பிறர் செய்ததை நினைத்துக் கசப்பதல்ல, தான் செய்ததை நினைத்துத் தன் நெஞ்சு தன்னையே சுடுவதாம்." அடுத்தவர் புகையிலைப் பகைவர். எங்கே ஆரம்பித்தாலும் புகையிலையில் போய்த்தான் முடிப்பார். அவரிடம் இருந்தது இது: "அயலான்பேரில் பொய் சொன்னவன் இராமுழுவதும் மனஸ்தாபப்பட்டு, விடிந்தபோது தன் வாயினாலே அதை அறிக்கையிட்டான்." அந்த வாய் புகையிலை போட்ட வாய் என்பது அடுத்த வாக்கியம். மூன்றாமவருக்கு நான் பெயர் வைக்கவில்லை. சின்ன வயதிலேயே இறந்துபோன மனிதர். மொத்தமே ஒரு மெல்லிய புத்தகம்தான். "வாசலிலே மனஸ்தாபத்தோடு நிற்கிறவனிடத்தில் கணக்குக் கேளாதேயுங்கள், கதவைத் திறவுங்கள்" என்று அதில் ஓர் இடத்தில் சொல்லியிருந்தார்.

ஆக இந்தப் புத்தகங்களில் மனஸ்தாபம் என்றால் தான் செய்த தவறுக்குத் தானே வருந்துவது. இன்று ஒருத்தர் "எனக்கு மனஸ்தாபம்" என்றால் நீ எனக்கு ஏதோ செய்துவிட்டாய் என்று பொருள். அன்று ஒருத்தர் அதையே சொன்னால் நான் உனக்கு ஏதோ செய்துவிட்டேன் என்று பொருள். பிரித்துப் பார்த்தால் மனம், தாபம், அவ்வளவுதான். மனசு சுடுகிறது என்று மட்டும் இருக்கிறது, யார் வைத்த நெருப்பு என்று இல்லை.

மூன்றாம் மேற்கோளைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே என் கை நின்றுவிட்டது. என் அக்கா என்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சில் இந்தச் சொல் இருந்தது.

அம்மாவை அடக்கம் செய்த அன்று நான் வந்துகொண்டிருந்தேன். நடுவழியில் பஸ் படுத்துவிட்டது. "வந்துட்டே இருக்கேன், மூடிடாதே" என்று அக்காவுக்கு ஃபோனில் சொன்னேன். "சரி" என்றாள். நான் கல்லறைத் தோட்டத்துக்குள் ஓடி வந்தபோது பெட்டியை மூடி ஆணி அடித்தாகிவிட்டது. ஒரே நிமிஷம் திறக்கச் சொன்னேன். அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. மண் போடுகிற இடத்தில், போதகர் நிற்க, சொந்தபந்தம் எல்லாம் நிற்க, நான் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். கேட்டதில் ஒரு சொல்லைக்கூட இன்றுவரை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் அவளே ஃபோன் செய்தாள். "அம்மா போனதுலேர்ந்து எனக்கு மனஸ்தாபமாவே இருக்குடி. ஒரு தடவ வந்துட்டுப் போயேன்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெட்டிய மூடினது நீ, மனஸ்தாபம் உனக்கா?" என்று கேட்டு ஃபோனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

இப்போது திரையில் மூன்று மேற்கோள்களையும் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் குடைக்காரர் சொன்ன அர்த்தத்தில் சொல்லியிருந்தால்? மூடியிருக்கக் கூடாது, அது என்னைச் சுடுகிறது, வா என்று கூப்பிட்டிருந்தால்?

நினைக்க நினைக்க அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் எங்கள் அம்மா பேசியது பாதி பிரசங்கத் தமிழ். பிரசங்க மேடையிலிருந்து கேட்டதை அடுப்படிக்குக் கொண்டுவந்து புழங்குவார். நாங்கள் இரண்டு பேரும் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டால் தனித்தனியாக உட்கார வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து கேட்பார்.

"மனஸ்தாபப்பட்டியா?"

"பட்டேன்மா" என்று அக்கா உடனே சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுவாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருப்பேன். பட்டினி கிடந்தாலும் கிடப்பேனே தவிர அந்தச் சொல் என் வாயிலிருந்து வராது. "இவளுக்கு மட்டும் கழுத்துல எலும்பு வளையாம செஞ்சு அனுப்பிட்டார் ஆண்டவர்" என்பார் அம்மா. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது. அக்கா அந்த வீட்டில்தானே வளர்ந்தாள்?

மேற்கோள்களை அனுப்பினேன். மறுநாள் கத்தரி கூப்பிட்டார்.

"பிரமாதம். மூணு பேரு, மூணு புஸ்தகம். இதைப் பொருள் ஒண்ணா வெச்சுட்டு, கசப்பைப் பொருள் ரெண்டா எறக்கிடலாம். ஆனா ஒண்ணுக்குப் பக்கத்துல 'வழக்கொழிந்தது'ன்னு போட்டுடுங்க. கடைசி ஆதாரமே ரொம்பப் பழசு."

"ஒழியல. எங்க வீட்ல சொல்வாங்க."

"உங்க வீடு புஸ்தகம் இல்லையேம்மா."

"வீட்ல பேசறது என்ன, மொழி இல்லையா? பாத்திரம் உருட்டற சத்தமா?"

நான் சுருக்கென்று பேசுவது அவருக்குப் பழக்கம்தான்.

"சரி, பேச்சு வழக்குக்கும் ஆதாரம் சேர்க்கலாம்னு விதி இருக்கு. இப்ப உயிரோட இருக்கற ஒருத்தர் அந்த அர்த்தத்துல சொல்லியிருக்கணும். அவங்களே 'ஆமா, அப்படித்தான் சொன்னேன்'னு உறுதிப்படுத்தணும். யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தி இருக்கா."

"அப்பறம் என்ன? ஒரு ஃபோனப் போட்டுக் கேளுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

இரண்டு நிமிஷ வேலையாம்! அவருக்கென்ன, சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் ஃபோனைக் கையில் எடுத்து அவள் நம்பரைப் பார்ப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தேன். எடுத்தவுடன் என்ன சொல்வது? நலமா என்பதா, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்கிறேன் என்பதா? அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அணைந்தது. துடைத்தேன். மறுபடி எடுத்தேன். ஃபோன் என்றால் அவளும் வைத்துவிடலாம், நானும் வைத்துவிடலாம். முன்பு வைத்தவள் நான்தானே? அந்தப் பழக்கம் கையோடு இருக்கும்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னது முதல் பொருளில் என்றால் எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள், இத்தனை வருஷமும் இருந்திருக்கிறாள். இரண்டாம் பொருளில் என்றால் வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்த நம்பரே எனக்கு மிச்சம். அகராதி எக்கேடு கெட்டால் எனக்கென்ன? எனக்கு அது தெரிய வேண்டும்.

பஸ் ஏறிவிட்டேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் சதை ஒன்றும் ஆடவில்லை, பஸ்தான் ஆடியது. வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். அவள் அழுவாள். நான் பெருந்தன்மையாக "விடு, போனது போகட்டும்" என்பேன். அந்த "விடு"வை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறு இடத்துக்கு மாறிக்கொண்டாள்.

இறங்கும்போது பிற்பகல். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அக்கா வீட்டு முன்கதவு சாத்தியிருந்தது. உள்ளே அத்தான் குறட்டை விடுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் போனேன். கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். முடி பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. கொடி எட்டாமல் குதிகாலைத் தூக்கினாள், முட்டி வலித்திருக்கும் போல, "ஐயோ ஆண்டவரே" என்று இறக்கிக்கொண்டாள். நான் கையை நீட்டிக் கடைசிக் கிளிப்பை எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வழி ஞாபகம் இருந்துச்சா?"

"பஸ்ஸுக்கு ஞாபகம் இருந்துச்சு" என்றேன்.

அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. ஒரு பெரிய போர்வையின் இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினாள். "அந்தப் பக்கம் புடி. ஒருத்தியா மடிச்சா மண்ணுல படுது."

பிடித்தேன். உதறினோம், பாதியாக்கினோம், பக்கத்தில் வந்து முனைகளைச் சேர்த்தோம். பக்கத்தில் வரும்போது அவள் மேல் துணிசோப்பு வாசனை அடித்தது.

"மெதுவாப் பேசு. உங்க அத்தான் தூங்கறார். இப்ப அவருக்குக் காதும் சரியாக் கேக்கறதில்ல."

"காது கேக்காதவருக்கு எதுக்கு மெதுவாப் பேசணும்?"

"பழக்கம்" என்றாள். "என்ன திடீர்னு? ஒடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல. வேலை விஷயமா ஒண்ணு கேக்கணும்."

"வேலை விஷயமா எங்கிட்டயா? நான் என்ன, உனக்கு மேனேஜரா?"

நான் செய்கிற வேலையைச் சொன்னேன். பழைய பிரசங்கங்களைப் படித்துச் சொற்களுக்கு மேற்கோள் எடுப்பதைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீயா? பிரசங்கமா? ஆரம்பிச்சதும் அம்மா மடியில தூங்கி, ஆமென்னதும் முழிக்கறவ நீ! இப்ப அதையே படிச்சுத்தான் சாப்பிடறியா? ஆண்டவர் சும்மா விடுவாரா?" என்றாள். அவள் சிரிப்பதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்தது.

"அக்கா, அம்மா போன அடுத்த மாசம் ஃபோன்ல ஒண்ணு சொன்னே. மனஸ்தாபமா இருக்குன்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. படக்குன்னு வெச்சியே, அதுவும் ஞாபகம் இருக்கு."

"என்ன அர்த்தத்துல சொன்னே?"

"என்னடி கேள்வி இது? மனஸ்தாபம்னா மனஸ்தாபம்தான்."

"ரெண்டு அர்த்தம் இருக்குக்கா. தான் செஞ்சதை நெனச்சுத் தானே வருத்தப்படறது ஒண்ணு. அம்மா நம்மளக் கேப்பாங்களே, மனஸ்தாபப்பட்டியான்னு, அது. இன்னொருத்தர்மேல கசப்பா இருக்கறது இன்னொண்ணு. இப்ப எல்லாரும் சொல்றது. நீ எதைச் சொன்னே?"

போர்வை எங்கள் இருவருக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. முதலாவது என்று சொல்லிவிடு தாயே, உனக்குக் கோடிப் புண்ணியம் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். என் வாழ்நாளில் நான் யாரிடமும் அப்படிக் கெஞ்சியது கிடையாது.

"கோவம்டி" என்றாள் அக்கா. "உன்மேல கோவம். வேற என்ன?"

பொருள் ஒன்று அந்த இடத்திலேயே வழக்கொழிந்தது. கத்தரி சொன்னது சரிதான், இனி அவர் அந்தக் குறிப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

"அப்ப, பெட்டிய மூடினதுக்கு நீ வருத்தப்படலையா?"

"அதுக்கு நான் எதுக்கு வருத்தப்படணும்? மழை ஊத்துது, குழிக்குள்ள தண்ணி எறங்குது, தூக்கினவங்க நனைஞ்சுட்டு நிக்கறாங்க. மூடச் சொன்னேன். இன்னொரு தடவ நடந்தாலும் மூடத்தான் சொல்வேன்." அவள் போர்வையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "எத்தன வருஷம் படுக்கையில கெடந்தாங்க? குளிப்பாட்டினது யாரு? பொரட்டிப் போட்டது யாரு? நீ மாசத்துக்கு ஒரு தடவ ஃபோன்ல 'எப்படி இருக்காங்க'ம்பே. எப்படி இருப்பாங்க, ஓடிப் புடிச்சு விளையாடுவாங்களா? உசுரோட இருந்தப்ப வந்து பாக்காத மொகத்த, ஆணி அடிச்ச பிறகு பாக்கணும்னு ஊர் முன்னாடி என்னக் கிழிச்சியே, அதுக்குக் கோவம். அன்னைக்கு இருந்துச்சு, இன்னைக்கும் இருக்கு. இந்தா, இப்ப உன்னப் பாக்கறேனே, இப்பவும் இருக்கு."

"எனக்கு லீவு கெடைக்கல. நான் என்ன ஊர் சுத்திட்டா இருந்தேன்?"

"யாரு கேட்டா உன் லீவு கதைய?"

நான் சுவரோரம் வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். வார் சரியாக உட்காரவில்லை.

"எங்க கெளம்பிட்டே?"

"பஸ்ஸுக்கு. நான் வேற மாதிரி நெனச்சுட்டு வந்துட்டேன். நீ அன்னைக்கு மன்னிப்புக் கேட்டேன்னு நெனச்சேன். நான்தான் புரிஞ்சுக்காம வெச்சுட்டேனோன்னு... விடு. என் புத்திய செருப்பால அடிக்கணும்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப, கோவத்துலதான் சொன்னேன்னு நெனச்சிருந்தா?"

"வந்திருக்க மாட்டேன்."

"இத்தன வருஷமா அப்படி நெனச்சுத்தான் வரலையா?"

"ஆமா."

அவள் போர்வையை வாளிமேல் போட்டாள். முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நல்லவேளை" என்றாள். "இப்பவாவது தப்பாப் புரிஞ்சுக்கிட்டே."

அவள் வந்து என் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். மெதுவாகக் கழற்றினாள் என்று நினைக்காதீர்கள், வெடுக்கென்று இழுத்தாள். வார் என் காதில் பட்டு எரிந்தது.

"மண்டு. கோவம் இருந்தாத்தான்டி வரணும். வந்துட்டுப் போன்னு எதுக்குக் கூப்பிட்டேன்னு நெனச்சே? மடியில போட்டுத் தாலாட்டவா? திட்டறதுக்குத்தான் கூப்பிட்டேன். கோவம் உன்மேல. அத வேற யாருகிட்டப் போய்க் கொட்டுவேன்? இவருகிட்டச் சொன்னா இவருக்குக் கேக்கல. பக்கத்து வீட்ல சொன்னா ஊரெல்லாம் போகும். பாஸ்டர்கிட்டச் சொன்னா ஜெபிச்சுட்டுப் போயிடறார். இத்தன வருஷமா உள்ளயே வெச்சுக்கிட்டு, பாத்திரம் கழுவறப்ப உன்னத் திட்டறேன், துணி தொவைக்கறப்ப உன்னத் திட்டறேன், பதில் சொல்ல ஒரு ஆள் இல்ல." அவள் குரல் உடைந்தது. உடைந்ததில் அவளுக்கே எரிச்சல் வந்து இன்னும் உரக்கப் பேசினாள். "உக்காரு. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

பின்வாசல் படியில் உட்கார்ந்தேன். அவள் நின்றுகொண்டே திட்டினாள். அடக்கத்தில் ஆரம்பித்து அம்மாவின் படுக்கைக்குப் போய், அங்கிருந்து அவள் கல்யாணத்தன்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததற்குப் போய், பள்ளிக்கூட நாட்களில் அவள் ரிப்பனை நான் தொலைத்தது வரை வந்துவிட்டாள். கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ரிப்பன் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. ரிப்பனைத் தொலைத்தது நான் இல்லை, அவளேதான். சொன்னேன். "பொய் சொல்லாதே" என்றாள். "யாரு, நானா பொய்யி?" என்று எழுந்துவிட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம், இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் வழிந்தது, இரண்டு பேரும் துடைக்கவில்லை. என் குரல் கட்டியிருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ, கணீரென்று வந்தது.

உள்ளே குறட்டை நின்றது. கட்டில் கிறீச்சிட்டது.

"யாரு அங்க?" என்று அத்தான் கத்தினார். "யாருகூடச் சண்ட போடறே?"

"என் தங்கச்சிகூட!" என்றாள் அக்கா.

"யாருகூட?"

அக்கா கதவுப் பக்கம் திரும்பி, என் கையைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள். "என் தங்கச்சிகூட! தங்கச்சி! என் தங்கச்சி வந்திருக்கா!"

அவருக்குக் கேட்டதோ இல்லையோ, தெருவுக்கே கேட்டிருக்கும்.